எம்.சி. ரோடு கடைகளுக்கு ஆடை தைத்துக் கொடுக்கும் தொழிலுக்கு என்ன முன்னேற்பாடு தேவை?

சென்னை தண்டையார்பேட்டையில் மூன்று தையல் இயந்திரங்களைப் போட்டு, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைகளுக்குக் குழந்தைகள் ஆடை தைத்துக் கொடுக்க விரும்பும் நீங்கள், முதலில் எதைத் தயார் செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இயந்திரத்தை விட முக்கியம், கையில் நிற்கும் பணம். துணிக்கும் கூலிக்கும் நீங்கள் உடனே கொடுத்தாக வேண்டும். கடைக்காரரோ சரக்கு விற்ற பிறகே தர நினைப்பார். ஆகவே இரண்டு மாதச் செலவைத் தனியாக ஒதுக்காமல், இப்போது பார்க்கும் வேலையை விட்டுவிடாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து.

முதல் சரக்கை அனுப்பும் முன்பே குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. பதிவு பெற்ற குறுந்தொழிலுக்கு, 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, சரக்கு வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்களுக்குள்ளும், இருந்தால் அதில் குறித்த நாளுக்குள், எப்படியும் 45 நாட்களுக்கு மிகாமலும் பணம் தந்தாக வேண்டும்; தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ என்ற வட்டி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி சேரும். வழக்குக்குப் போகாவிட்டாலும், ஒவ்வொரு பில்லிலும் தேதியும் கெடுவும் எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

சொந்தத் துணியில் தைத்து விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்போதும், பிறர் துணியைக் கூலிக்குத் தைத்தால் 20 லட்சத்தைத் தாண்டும்போதும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும்.

இடம் பார்க்கும்போது, ஐப்பசி கார்த்திகை மழையில் அந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். துணிக்கட்டுகளைத் தரையில் வைக்காமல் பரண் அமைத்துவிடுங்கள்.