இருட்டறையில் சிவப்பு விளக்கு

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். ஒளியின் அதிர்வெண் பயன்தொடக்க அதிர்வெண்ணுக்குக் (எலெக்ட்ரானை வெளியேற்றத் தேவையான குறைந்தபட்ச அதிர்வெண்) கீழே இருந்தால், எவ்வளவு செறிவான ஒளி பட்டாலும் உலோகத்திலிருந்து எலெக்ட்ரான் வெளிவராது என்று பாடத்தில் இருக்கிறது. எழுதி மார்க்கும் வாங்கிவிட்டேன். ஆனால் பெரிய விளக்காக வைத்தால் ஆற்றல் நிறையப் போகுமே, பிறகு ஏன் வராது?
மாணவி, கோத்தகிரி

பதில்: மார்க் வாங்கிய பிறகும் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாய் பார், அதற்காகவே இந்த இதழில் உன் கேள்விக்கு முதல் இடம். இதற்கான விடையை நான் பள்ளியில் படிப்பதற்கு முன்பே கண்ணால் பார்த்திருக்கிறேன். அதுதான் விடை என்று அப்போது தெரியாது.

என் பெரியப்பா குன்னூரில் ஸ்டூடியோ வைத்திருந்தார். விடுமுறை நாட்களில் டார்க் ரூமில் அவருக்குக் கையாள் நான். உள்ளே ஒரு சிவப்பு பல்பு மட்டும் எரியும். அந்த வெளிச்சத்திலேயே ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் செய்த புரோமைடு பேப்பரை (போட்டோ அச்சிடும் தாள்) வெட்டுவோம், டெவலப்பர் தட்டில் நனைப்போம், முகம் மெல்ல எழும்பி வந்ததும் படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ கரைசலுக்கு மாற்றுவோம். சிவப்பு வெளிச்சத்தால் பேப்பருக்கு ஒன்றும் ஆகாது. ஒரு நாள் மேசையில் பேப்பர்களைப் பரப்பி வைத்திருந்த நேரத்தில் நான் கதவைத் திறந்துவிட்டேன். ஆடி மாத மாலை, வெளியே தெருவே தெரியாத பனிமூட்டம். உள்ளே வந்தது மங்கலான சாம்பல் வெளிச்சம், அதுவும் இரண்டு மூன்று நொடிதான். டெவலப்பரில் போட்டதும் அத்தனை தாளும் கரியாகக் கறுத்தன. பெரியப்பா திட்டவில்லை. "சிவப்புக்கு இதைத் தொடத் தெரியாதுடா. வெள்ளைக்குள்ளே நீலம் இருக்கு" என்றார்.

சிவப்பு எவ்வளவு நேரம் விழுந்தது என்பது அங்கே பொருட்டே இல்லை. காரணம், ஒளி தன் ஆற்றலைத் தண்ணீர்போல ஊற்றுவதில்லை, பொட்டலம் பொட்டலமாகக் கொடுக்கிறது. ஒரு பொட்டலம்தான் ஒரு ஃபோட்டான். அதன் அளவை நிறம், அதாவது அதிர்வெண், தீர்மானிக்கிறது. ஆழ்ந்த சிவப்பில் ஒரு ஃபோட்டானுக்கு சுமார் 1.8 எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு), ஊதாவில் சுமார் 3.1. விளக்கைப் பெரிதாக்கினால் பொட்டலங்களின் எண்ணிக்கை கூடும், ஒவ்வொன்றின் அளவு கூடாது. சோடியத்திலிருந்து ஒரு எலெக்ட்ரானை வெளியேற்ற சுமார் 2.3 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். சாதாரண விளக்கொளியில் ஒரு எலெக்ட்ரானுக்கு ஒரு ஃபோட்டான், அவ்வளவுதான். பத்துப் பேர் தலைக்கு ஓரடி குதித்தால் பத்தடிச் சுவரைத் தாண்டியதாகாது அல்லவா? (புரோமைடு பேப்பரில் எலெக்ட்ரான் வெளியே வருவதில்லை, அதில் பூசிய படிகத்துக்குள்ளேயே விடுபடுகிறது. ஆனால் கணக்கு இதே கணக்குதான்.)

1887இல் ஹெர்ட்ஸ் தன் சோதனையில் இரண்டு மின்பொறிகளுக்கு நடுவே கண்ணாடியை வைத்ததும் இரண்டாவது பொறி பலவீனமாவதைக் கண்டார். முதல் பொறியிலிருந்து வந்த புற ஊதாவை (ஊதாவைவிடப் பெரிய பொட்டலங்கள் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத ஒளி) கண்ணாடி தடுத்ததே காரணம். 1902இல் லெனார்டு, செறிவைக் கூட்டினால் எலெக்ட்ரான்கள் அதிகமாக வருகின்றன, ஆனால் அவற்றின் வேகம் கூடுவதில்லை என்று காட்டினார். 1905இல் ஐன்ஸ்டீன்தான் இந்தப் பொட்டலக் கணக்கைப் போட்டார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தவர் மில்லிகன். அந்தக் கணக்கில் அவருக்கு நம்பிக்கையே இல்லை. பொய்யாக்கப் பார்த்தார். காற்றே இல்லாத குழாய்க்குள் சோடியத்தைக் கத்தியால் சீவிப் புது முகம் எடுத்து, வருடக்கணக்கில் அளந்தார். 1916இல் வெளியிட்ட அளவுகள் ஐன்ஸ்டீனின் சமன்பாட்டுக்கு அச்சாகப் பொருந்தின. தனக்குப் பிடிக்காத விடையையும் மறைக்காமல் அப்படியே அச்சிட்டார். ஆய்வகத்துக்குள் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் இவரைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

கேள்வி: ஒளியை அலை என்கிறார்கள், துகள் என்கிறார்கள். எலெக்ட்ரானும் அப்படித்தானாம். எது நிஜம்?
ஓய்வுபெற்ற தபால் ஊழியர், ஊட்டி

பதில்: ஐயா, இரண்டும் நிஜம். ஆனால் ஒரே கணத்தில் ஒரே வேலைக்கு இரண்டும் வருவதில்லை. போகும் வழியில் அலை, வந்து சேரும் இடத்தில் துகள். என் மாணவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வது வழக்கம்.

1909இல் ஜி. ஐ. டெய்லர் ஒரு ஊசியின் நிழலை ஃபோட்டான்கள் ஏறக்குறைய ஒவ்வொன்றாகவே போகும் மிக மிக மங்கலான ஒளியில் போட்டோ தகட்டில் பிடித்தார். ஒரே படத்துக்கு ஏறத்தாழ மூன்று மாதம் பிடித்தது. அத்தனை மங்கலிலும் ஊசியின் ஓரத்து அலை வரிகள் கூர்மை குறையாமல் இருந்தன. எலெக்ட்ரான் பக்கம் வந்தால், பருப்பொருளுக்கும் அலை உண்டு என்று 1924இல் டி பிராய் சொன்னார். 1927இல் டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் படிகத்தில் அதைக் கண்டார்கள். அதே ஆண்டு ஜி. பி. தாம்சன் மெல்லிய தகட்டின் வழியே எலெக்ட்ரான்களைச் செலுத்தி, போட்டோ தகட்டில் அலைக்கு அடையாளமான வளையங்களைப் பார்த்தார். எலெக்ட்ரானைத் துகளாகக் கண்டுபிடித்த ஜே. ஜே. தாம்சனின் மகன் அவர். அப்பாவுக்கும் நோபல், மகனுக்கும் நோபல்.

1989இல் ஜப்பானில் டோனோமுரா குழு எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பியது. திரையில் முதலில் சிதறிய புள்ளிகள்தான். ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும் பட்டை பட்டையாக அலைக்கோலம் தெரிந்தது. முடிந்தால் அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். எங்கள் டெவலப்பர் தட்டில் முகம் எழும்பியதுபோலவே இருக்கும்.

அப்புறம், உங்கள் ஊரிலேயே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர்க் கூடம் இருக்கிறது. வானிலிருந்து வரும் துகள் அங்கே பிளாஸ்டிக் பலகையில் பட்டதும் சின்ன ஒளிக்கீற்று பிறக்கும். அதைப் பிடிக்கும் குழாயில் நடக்கும் முதல் வேலை, மேலே மாணவி கேட்ட ஒளிமின் விளைவுதான் (ஒளி பட்டு எலெக்ட்ரான் வெளிவருவது). ஒரு ஃபோட்டான் ஒரு எலெக்ட்ரானைத் தட்டிவிட, அதைக் குழாய் லட்சக்கணக்கில் பெருக்குகிறது.

கேள்வி: ஜனவரியில் வெயில் சுடுவதே இல்லை, ஆனாலும் தேயிலை பறித்துவிட்டு வந்தால் முகம் கறுத்துப்போகிறது. இரவில் அடுப்பருகே எவ்வளவு நேரம் குளிர் காய்ந்தாலும் கறுப்பதில்லை. ஏன்?
தோட்டத் தொழிலாளி, மஞ்சூர்

பதில்: அம்மா, மேலே கோத்தகிரி மாணவி கேட்டதை நீங்கள் உங்கள் முகத்திலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள். அடுப்புத் தணல் தருவது பெரும்பாலும் அகச்சிவப்பு. பொட்டலங்கள் ஏராளம், ஆனால் ஒவ்வொன்றும் மிகச் சிறியது. தோலைச் சூடாக்கும், தோலின் மூலக்கூறுகளைக் குலைக்காது. வெயிலில் இருக்கும் புற ஊதா கொஞ்சம்தான் என்றாலும் அதன் ஒவ்வொரு பொட்டலமும் பெரியது, மூலக்கூறையே சிதைக்கும். அதைத் தடுக்கத்தான் தோல் கறுக்கிறது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் புற ஊதா ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். மெல்லிய மேகத்தையும் அது தாண்டி வரும். அதனால் குளிராக இருக்கிறதே என்று விட்டுவிடாமல், காலை பத்து மணிக்கு மேல் தலையிலும் கன்னத்திலும் துணி சுற்றிக்கொண்டு பறியுங்கள்.