வயதானால் நினைவாற்றல் முழுவதும் போய்விடுமா?

போய்விடாது. நினைவுகள் அனைத்தும் மூளையின் ஒரே இடத்தில் குவிந்திருப்பவை அல்ல. அதனால் அவை ஒரே சீராகத் தேய்வதும் இல்லை. இதை நான் கண்ணெதிரே கண்டது என் அப்பத்தாவிடம்தான்.

மதுரை தெற்கு மாசி வீதியில் பல்லாண்டுகள் பூக்கட்டி விற்றவர் அவர். எண்பதைக் கடந்த பின், காலையில் சாப்பிட்டதை மதியத்துக்குள் மறந்துவிடுவார், என்னைப் பார்த்தே, "நீ யாரு வீட்டுப் பிள்ளைய்யா?" என்று கேட்பார். ஆனால், மல்லிகை மொட்டுகளையும் நனைத்த வாழைநாரையும் முன்னால் வைத்துவிட்டால், காம்போடு காம்பு சேர்த்து, நாரைச் சுற்றி, இறுக்கி முடிச்சிடும் அவருடைய விரல்கள் ஓரிடத்திலும் தயங்கியதில்லை.

இதற்கான விளக்கம் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கரின் வாழ்க்கையில் இருக்கிறது. வலிப்பு நோய்க்காக 1953ஆம் ஆண்டு, தம் 27ஆம் வயதில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட அவருக்கு, மூளையின் இருபுறமும் உள்ள ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பின் கணிசமான பகுதி அகற்றப்பட்டது. அதன் பின் புதிதாகச் சந்தித்த எவரையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. ஆயினும், கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்குத் தொடர்ந்து அளித்தபோது, முதல்நாள் வரைந்ததே நினைவில்லாத நிலையிலும் அவர் கை நாளுக்கு நாள் தேறியது. நிகழ்ச்சிகளைப் பதிய ஹிப்போகாம்பஸ் வேண்டும். கைப்பழக்கத்தையோ மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள முடிச்சுகள் என்ற நரம்புத் தொகுப்புகளும் சிறுமூளையும் தாங்குகின்றன. அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே ஹிப்போகாம்பஸைத் தாக்குவதால்தான் நேற்றைய செய்தி முதலில் போகிறது.

இயல்பான முதுமையில் மூளையின் வேகம் குறையும், பெயர்கள் நாவில் வரத் தாமதமாகும். சொல்வளம் பெரும்பாலும் நிலைத்திருக்கும். பழகிய தெருவில் வழி தவறுவது அந்த வகையைச் சேர்ந்ததன்று. அப்பத்தா மாசி வீதியிலேயே திசை தெரியாமல் நின்ற அன்றும் "வயசானா அப்படித்தான்" என்று நாங்கள் ஓராண்டைக் கடத்திவிட்டோம். அது இன்றும் என்னை வருத்துகிறது. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியை உண்டாக்கும், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இத்தகைய மாற்றத்தைக் கண்டால், தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

"நான் யாருன்னு சொல்லுங்க" என்று அப்பத்தாவைச் சோதிப்பதை நாங்கள் நிறுத்திவிட்டோம். மாலையில் அவர் முன் கால் கிலோ மொட்டுகளை வைக்கிறோம். கட்டி முடித்ததும், முழங்கையிலிருந்து விரல்நுனி வரை அவரே முழம் போட்டு அளந்து தருகிறார்.