கடிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள்: பிளிட்ஸ் ஓப்பனிங் கேள்வி-பதில்

சில நிமிடங்களில் முடியும் அதிவேகச் சதுரங்கமான பிளிட்ஸில் பிழைகள்தானே அதிகம்? அதை வைத்து ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள்) கற்க முடியுமா?

தாராளமாக முடியும். பிழைகள் பெரும்பாலும் நடுஆட்டத்திலும் கடைசி விநாடிகளிலும் வருகின்றன. முதல் பத்து நகர்வுகளில் வீராங்கனை தனக்கு மனப்பாடமானதைத்தான் ஆடுகிறார். உலகப் பெண்கள் பிளிட்ஸில் ஒருவருக்கு 3 நிமிடம், நகர்வுக்கு 2 விநாடி கூடுதல். பத்து நகர்வு ஆன பிறகும் கடிகாரத்தில் 3 நிமிடத்துக்கு மேல் இருந்தால், அவர் நகர்வுக்குச் சராசரியாக 2 விநாடிகூடச் செலவிடவில்லை. திடீரென ஒரு நகர்வுக்கு 15 விநாடி போகிறதா? அநேகமாகத் தயாரிப்பு அங்கே தீர்ந்துவிட்டது. அந்த நிலையைப் பலகையில் வையுங்கள். என்ஜினைத் (நகர்வுகளைக் கணிக்கும் கணினி நிரல்) திறக்காமல் 10 நிமிடம் யோசித்து, உங்கள் நகர்வை எழுதுங்கள். அவர் ஆடியதை அதன் பிறகே பாருங்கள். கடிகார நேரம் பதிவாகாத பிஜிஎன் கோப்பு (ஆட்டத்தின் நகர்வுகளைப் பதிவுசெய்யும் கோப்பு) இதற்கு உதவாது.

யாருடைய ஆட்டங்களை எடுக்கலாம்?

நீங்கள் ஆடும் ஓப்பனிங்கை ஆடுபவருடையதை. 2024-இல் நியூயார்க்கில் நடந்த உலகப் பெண்கள் பிளிட்ஸ் போட்டி நல்ல தொடக்கம்: ஜூ வென்ஜுன் பட்டம் வென்றார், சென்னையின் வைஷாலி வெண்கலம் பெற்றார். அதில் முதல் எட்டுப் பேருக்கு நாக்-அவுட் இருந்தது. அதே இருவர் அடுத்தடுத்து மோதும்போது, சற்றுமுன் தடுமாறிய இடத்தைச் சில நிமிடங்களில் எப்படிச் சரிசெய்கிறார்கள் என்று பார்க்கலாம். ஒருவரோடு ஒருமுறை மட்டுமே மோதும் சுவிஸ் சுற்றுகளில் இந்த வாய்ப்பு அமையாது.

இத்தாலியன் ஓப்பனிங்கில் 4. சி3 (நான்காம் நகர்வாகச் சிப்பாய் சி3 கட்டத்துக்கு) ஆடிவிட்டு, உடனே டி4 தள்ளாமல் டி3 ஆடுகிறார்களே, ஏன்?

1. இ4 இ5 2. குதிரை எஃப்3 குதிரை சி6 3. பிஷப் சி4 பிஷப் சி5 4. சி3 குதிரை எஃப்6. இங்கே 5. டி4 ஆடினால், கருப்பு டி4-இல் வெட்டும். வெள்ளை சி சிப்பாயால் திருப்பி வெட்டும். உடனே பிஷப் பி4-இல் செக். பிஷப் டி2-இல் தடுத்து, பிஷப்கள் மாறி, குதிரை டி2-இல் வந்ததும் கருப்பு டி5 என்று நடுவைக் குத்தும். இ சிப்பாய் டி5-இல் வெட்ட, குதிரை திருப்பி வெட்டும். வெள்ளையின் டி4 சிப்பாய் துணையின்றி நிற்கும். அதன் முன்னே டி5-இல் கருப்புக் குதிரை.

5. டி3 ஆடினால் இ4 உறுதியாகிறது. காஸ்லிங் (ராஜாவை யானையோடு ஒரே நகர்வில் ஓரத்துக்கு ஒதுக்குவது), யானை இ1, பி1 குதிரை டி2, எஃப்1 வழியாக ஜி3. டி4 அதற்குப் பிறகு வரும். அது தன் பிஷப்பைத் தாக்குமுன் ஒதுங்கவே கருப்பு ஏ6 ஆடி, பிஷப்பை ஏ7-க்கு அனுப்புகிறது.

பலரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. வெள்ளை காஸ்லிங் செய்துவிட்டு, கருப்பு ராஜா இன்னும் நடுவில் இருக்கும்போதே பிஷப்பை ஜி5-க்குக் கொண்டுபோவது. ஹெச்6, பிஷப் ஹெச்4, ஜி5! காஸ்லிங் செய்யாததால் கருப்புக்கு இந்தச் சிப்பாய்களைத் தள்ள அச்சமில்லை. ஹெச்8 யானையும் உங்கள் ராஜாவை நோக்கித் தயாராக இருக்கிறது. நகர்வு வரிசையை மட்டும் உருப்போட்டவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

என்ஜின் 0.3 சிப்பாய் மதிப்பு வித்தியாசம் காட்டினால் ஓப்பனிங்கை மாற்றலாமா?

வேண்டாம். அந்த வித்தியாசம் 3 நிமிட ஆட்டத்தை முடிவு செய்யாது. உங்களுக்குப் புரிந்த திட்டமே மேல்.

அந்த வீராங்கனை தோற்ற ஆட்டத்தைத் தள்ளிவிடலாமா?

பன்னிரண்டாவது நகர்வில் நிறுத்திப் பாருங்கள். காய்கள் வெளிவந்து, ராஜா பாதுகாப்பாக, கையில் நேரமும் இருந்தால் ஓப்பனிங் வென்றிருக்கிறது. தோல்வி பிறகு நேர்ந்தது. அந்த ஆட்டத்தையும் கோப்பில் வையுங்கள்.