கடைசிக் கேள்வியை முதலில் எழுதுங்கள்

கேள்வி: ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணிதமும் அறிவியலும் எடுக்கிறேன். பணியில் சேர்ந்து 3 ஆண்டுகள் ஆகின்றன. மறுநாள் பாடங்களுக்குத் தயார் செய்து முடிக்கத் தினமும் இரவு 11 மணி ஆகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே கரைந்துவிடுகிறது. பாடத்தின் தரம் குறையாமல் இந்த நேரத்தைக் குறைக்க முடியுமா?

பதில்: முடியும். வேகமாக எழுதப் பழகினால் மட்டும் போதாது. எதை விடலாம், எதை விடவே கூடாது என்று முதலில் பிரிக்க வேண்டும்.

ஒரே ஒரு வாரம் கணக்கு வைத்துப் பாருங்கள். இரவு உட்கார்ந்ததிலிருந்து எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் போனது என்று ஒரு தாளின் ஓரத்தில் குறியுங்கள். யோசித்தது, தேடியது, தயாரித்தது, எழுதியது என்று நான்கு தலைப்புகள் போதும். இளம் ஆசிரியர்கள் பலரோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் யோசிப்பதற்குப் போன நேரம்தான் மிகக் குறைவாக இருக்கும். பொருத்தமான படத்தைத் தேடுவது, காணொளிகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்பது, பயிற்சித்தாளுக்குக் கட்டம் போடுவது, குறிப்பேட்டில் அழகாகப் பெயர்த்தெழுதுவது என்று மாலை முழுவதும் போய்விடும். ஆனால் மறுநாள் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் விளங்குவதும் விளங்காததும் அந்தக் கொஞ்ச நேர யோசனையைப் பொறுத்தது. குறைக்க வேண்டியது மற்ற மூன்றையும்தான்.

யோசனையை எங்கே தொடங்குவது என்பதில்தான் பெரிய மிச்சம் இருக்கிறது. நம்மில் பலர் 'நாளைக்கு என்ன செய்யலாம்' என்று தொடங்குகிறோம். அந்தக் கேள்விக்கு முடிவே கிடையாது. எத்தனை செயல்பாடு வேண்டுமானாலும் சேர்த்துக்கொண்டே போகலாம். 'பாடவேளை முடியும்போது என் மாணவர் எதைத் தானாகச் செய்ய வேண்டும்' என்று தொடங்கினால் யோசனைக்கு ஒரு கரை கிடைக்கும். கிராண்ட் விக்கின்ஸ், ஜே மக்டை ஆகிய கல்வியாளர்கள் இருவர் 1990களின் இறுதியில் இப்படிப் பின்னோக்கித் திட்டமிடும் முறையை விரிவாக விளக்கினார்கள். அதை நேரம் மிச்சப்படுத்தும் வழியாக அவர்கள் முன்வைக்கவில்லை. என் அனுபவத்தில் அதைவிட நல்ல வழியும் இல்லை.

உங்கள் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். நாளைக்கு ஆறாம் வகுப்பில் வேற்றினப் பின்னங்களை, அதாவது கீழ் எண் வெவ்வேறாக உள்ள பின்னங்களை, கூட்டுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெற்றுத்தாளின் அடியில் கடைசி 5 நிமிடத்துக்கான கேள்வியை எழுதுங்கள்: 1/2 + 1/3 = ? அதன் பக்கத்திலேயே பிள்ளைகள் எழுதக்கூடிய தவறான விடையையும் எழுதுங்கள்: 2/5. மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிடுவார்கள். இப்போது உங்கள் முன்னால் இருப்பது ஒரே ஒரு வேலை: 2/5 தவறு என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்ள என்ன கேட்க வேண்டும்? '2/5 பெரியதா, 1/2 பெரியதா?' என்று கேளுங்கள். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு விடை எப்படி அரையைவிடக் குறையும்? அந்த இடத்தில் வகுப்பு ஒரு கணம் அமைதியாகும். அந்த அமைதிதான் பாடம்.

அதற்குப் பிறகு வேண்டியவை தாமாக வந்து அமரும். சம நீளமுள்ள இரண்டு காகிதப் பட்டைகள். ஒன்றை இரண்டாக மடித்து ஒரு பங்கைத் தீட்டுங்கள். மற்றொன்றை மூன்றாக மடித்து ஒரு பங்கைத் தீட்டுங்கள். துண்டுகள் வெவ்வேறு அளவில் இருப்பதால் சேர்த்து எண்ண முடியாது. இரண்டையும் ஆறாகப் பிரித்தால் மூன்று துண்டுகளும் இரண்டு துண்டுகளும் கிடைக்கும், விடை 5/6. பயிற்சிக்கு மூன்று கணக்குகள்: ஒரு பின்னத்தின் கீழ் எண் மற்றதன் கீழ் எண்ணுக்கு மடங்காக உள்ள 1/2 + 1/4, அப்படி இல்லாத 1/3 + 1/4, விடை ஒன்றைத் தாண்டும் 2/3 + 3/4. தயாரிப்பு முடிந்தது. கால் மணி நேரம்கூட ஆகாது. படமும் வேண்டாம், காணொளியும் வேண்டாம், வண்ணத் தாளும் வேண்டாம்.

அடுத்தது, பாடவேளையின் எலும்புக்கூட்டை ஒருமுறை தீர்மானித்துவிட்டு அதையே தினமும் வைத்துக்கொள்வது. பழைய பாடத்திலிருந்து நான்கு கேள்விகள், புதிய கருத்து, சேர்ந்து செய்யும் ஓர் எடுத்துக்காட்டு, தனிப்பயிற்சி, கடைசிக் கேள்வி. பராக் ரோசன்ஷைன் என்ற கல்வி உளவியலாளர் 2012இல் தொகுத்துத் தந்த கற்பித்தல் நெறிகளில் முதலாவதே பாடத்தைச் சிறு மீள்பார்வையோடு தொடங்குவதுதான். 5 முதல் 8 நிமிடம் போதும் என்கிறார். ஒரே அமைப்பு பிள்ளைகளுக்குச் சலிக்கும் என்று பயப்பட வேண்டாம். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த வகுப்பு சீக்கிரம் வேலையில் இறங்கும்.

நாளுக்கு நாள் திட்டமிடுவதையும் நிறுத்துங்கள். உங்களுக்குச் சுமையாக இருப்பது பாடவேளைகளின் எண்ணிக்கை அல்ல. மூன்று வகுப்பு, இரண்டு பாடம் என்று ஆறு வெவ்வேறு தயாரிப்புகள். ஒவ்வோர் இரவும் ஆறுக்கும் மாறி மாறித் தாவும்போது மனம் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சூடேற வேண்டியிருக்கிறது. ஓர் அலகு முழுவதையும் ஒரே அமர்வில் எடுங்கள். எட்டுப் பாடவேளை என்றால் எட்டுக் கடைசிக் கேள்விகளை வரிசையாக எழுதிவிடுங்கள். பாதித் திட்டம் அங்கேயே முடிந்துவிடும். ஒரு வகுப்பில் பின்னம், அடுத்ததில் விகிதம், அதற்கடுத்ததில் சதவீதம் என்று வரும்போது மூன்றையும் சேர்த்தே யோசியுங்கள். அதே காகிதப் பட்டை மூன்றுக்கும் உதவும்.

உட்காரும்போதே முடிக்கும் நேரத்தையும் குறித்துவிடுங்கள். கையில் உள்ள நேரம் முழுவதையும் நிரப்பும் அளவுக்கு வேலை விரிந்துகொண்டே போகும் என்று பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 1955இல் எழுதியது அலுவலகங்களைப் பற்றி. பாடத்திட்டத்துக்கு அது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் ஒன்று. பாடம் முடிந்தவுடன் அந்தத் தாளிலேயே இரண்டு வரி எழுதுங்கள். '2/5 என்று 11 பேர் எழுதினார்கள். அரையைவிடக் குறைவா என்று கேட்டதும் பலர் திருத்திக்கொண்டார்கள். பட்டைகளை முன்பே வெட்டி வைக்க வேண்டும்' என்ற அளவுக்கு இருந்தால் போதும். என் முதல் சில ஆண்டுகளில் நான் இதைச் செய்யவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அதே பாடத்துக்கு அதே இரவுகளைச் செலவழித்தேன். பிள்ளைகளும் அதே இடத்தில் தடுக்கி விழுந்தார்கள். அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. அந்தத் தாள்களை அலகு வாரியாக ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதைத் திறக்கும்போது திருத்தும் வேலை மட்டுமே மிஞ்சியிருக்கும். அதே வகுப்பை எடுக்கும் சக ஆசிரியர் இருந்தால் அலகுகளைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். அவருடைய தாளை வாங்கினாலும் கடைசிக் கேள்வியை மட்டும் நீங்களே எழுதுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா என்ற யோசனை உங்களுக்கும் இருக்கக்கூடும். 'இதே வகையில் இன்னும் பத்துக் கணக்கு' என்ற வேலைக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். முழுப் பாடத்திட்டத்தையும் கேட்டு வாங்கினால், அதை உங்கள் வகுப்புக்கு ஏற்றபடி மாற்றுவதற்கே நேரம் போய்விடும். வரும் விடைகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மாணவர்களின் பெயரையும் மதிப்பெண்ணையும் அதில் கொடுக்காதீர்கள்.

விடக் கூடாதவை இரண்டு. வகுப்பில் கொடுக்கப்போகும் கணக்குகளை நீங்கள் கைப்பட ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். செய்து காட்டப்போகும் அறிவியல் சோதனையை முன்னதாக ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். மேலதிகாரிகள் பார்க்கும் பாடக்குறிப்பேட்டைப் பொறுத்தவரை, எந்தப் பகுதிகள் கட்டாயம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவற்றை மட்டும் சுருக்கமாக நிரப்புங்கள்.

ஆறு தயாரிப்புகளையும் ஒரே வாரத்தில் மாற்ற முயல வேண்டாம். வாரத்தில் அதிகப் பாடவேளை உள்ள ஒன்றை மட்டும் எடுத்து, அதன் அடுத்த அலகுக்குக் கடைசிக் கேள்விகளை இந்த ஞாயிறு ஒரு மணி நேரத்தில் எழுதுங்கள். மற்ற ஐந்தும் இப்போதைக்குப் பழையபடியே இருக்கட்டும். அந்த அலகு முடியும் வரை நிமிடக் கணக்கை நிறுத்தாதீர்கள்; அடுத்து எதை மாற்றலாம் என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.