போலந்தின் புளிப்பு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் வ்ரோத்ஸ்வாஃப் நகரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். வந்து பத்து மாதம் ஆகிறது. உங்கள் போலந்துப் பயணக் குறிப்புகளில் அந்த ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி ஆசை ஆசையாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அது பிடிபடவே இல்லை. நான் சைவம். ஆபீஸ் கேன்டீனில் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், மறுபடியும் உருளைக்கிழங்கு. காரம் கிடையாது, மசாலா கிடையாது. எதை எடுத்தாலும் ஒரு புளித்த வாடை. குளிரும் வறுமையும் சேர்ந்தால் இப்படித்தான் சமைப்பார்களோ என்று தோன்றுகிறது. இதையெல்லாம் ஒரு சமையல் மரபு என்று சொல்ல முடியுமா?

கே., வ்ரோத்ஸ்வாஃப்

அன்புள்ள கே.,

தனியாக இருக்கும் ஊரில் சாப்பாடும் ஒட்டாமல் போனால் அது பெரிய கஷ்டம். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ‘புளித்த வாடை’ என்று குறையாகச் சொல்கிறீர்கள். அந்தச் சமையலுக்கு உயிரே அதுதான்.

கிராகோவில் நான் தங்கியிருந்த வீட்டு அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். அடுப்படியில் ஹீட்டருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கும், வாயில் வெள்ளைத் துணி கட்டி. தவிடு நீக்காத ரை என்ற தானிய மாவைக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கரைத்து, தட்டிய பூண்டு நாலு பல், பிரிஞ்சி இலை, ஆல்ஸ்பைஸ் நாலைந்து மணி போட்டு வைப்பார். தினமும் காலையில் மரக்கரண்டியால் ஒரு கலக்கு. முதல் நாள் பச்சை மாவு வாசம்தான். மூன்றாம் நாள் மேலே சின்னச் சின்னக் குமிழ் கட்டும். ஐந்தாம் நாள் துணியை அவிழ்த்து என் மூக்கருகே நீட்டினார். எங்கள் ஊர்க் கேழ்வரகுக் கூழ்ப்பானையைத் திறந்தது போலிருந்தது. அதற்குப் பெயர் ஸாக்வாஸ். அதை ஊற்றிக் கொதிக்கவைத்தால் ஜூரெக் என்ற சூப், ஜூர் என்றும் சொல்வார்கள். கடைசியில் மார்ஜோரம் இலையைக் கையில் கசக்கித் தூவுவார்கள். நம் பூக்கடைகளில் கதம்பத்தில் வைத்துக் கட்டுகிற மருவு அது. கதம்பத்தின் வாசனை சூப்பிலிருந்து எழுந்தபோது ஒரு நிமிடம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

இன்றைக்கு ஜூரெக்கில் வெள்ளைத் தொத்திறைச்சியும் அவித்த முட்டையும் கிடக்கும். ஆனால் முதலில் இது தவக்காலத்துச் சாப்பாடு. ஈஸ்டருக்கு முன் வரும் அந்த நாட்களில் பழைய போலந்தில் இறைச்சி மட்டுமல்ல, முட்டை, பால், வெண்ணெயையும் விலக்கினார்கள். மிஞ்சியது ரைப் புளிப்பும் ஹெர்ரிங் மீனும். தின்று தின்று சலித்துப்போய், நோன்பு முடிகிற சமயத்தில் கிராமத்து இளைஞர்கள் ஜூர் பானையைக் குழிதோண்டிப் புதைப்பார்கள், ஹெர்ரிங்கை மரத்தில் தொங்கவிடுவார்கள். அடுத்த வருடம் திரும்ப அதே பானை. இது எனக்கு மிகவும் பிடித்த வழக்கம்.

மசாலா விஷயத்துக்கு வருகிறேன். அது அவர்களுக்குத் தெரியாத பொருள் அல்ல. முழுமையாகக் கிடைத்திருக்கும் போலிஷ் சமையல் நூல்களில் மிகப் பழையது 1682-இல் கிராகோவில் அச்சானது. எழுதியவர் ஸ்தனிஸ்வாஃப் செர்னியெத்ஸ்கி, பிரபு வீட்டுச் சமையல் தலைவர். அதில் குங்குமப்பூ, மிளகு, இஞ்சி, பட்டை, ஜாதிக்காய் எல்லாம் தாராளமாக வருகின்றன, கூடவே வினிகரும் சர்க்கரையும். அன்று ஐரோப்பா தின்ற மிளகில் ஒரு பங்கு நம் மேற்குக் கடற்கரை தந்தது. நூறு வருடத்தில் பிரெஞ்சு மோகம் வந்தது. 1783-இல் ஒரு பிரெஞ்சுச் சமையல் நூலே போலிஷில் வெளியாயிற்று. பிரபுக்களின் மேசையிலிருந்து மசாலா மெல்ல இறங்கிப்போயிற்று. தோருன் நகரத்துப் பியெர்னிக் என்னும் தேன் ரொட்டியில் மட்டும் கிராம்பும் பட்டையும் இஞ்சியும் இன்னும் மணக்கின்றன. அந்தப் பெயருக்கே ‘மிளகுக் காரமானது’ என்றுதான் பொருள்.

கப்பலில் வந்த மசாலா போயிற்று. வீட்டில் பிறந்த புளிப்பு போகவில்லை. நிலம் மாதக்கணக்கில் உறைந்து கிடக்கிற நாட்டில், இலையுதிர்காலத்திலேயே முட்டைக்கோஸை அரிந்து உப்பிட்டுப் பீப்பாயில் அழுத்தி வைத்தார்கள். வெள்ளரிக்காயைச் சதகுப்பை, பூண்டு, குதிரைமுள்ளங்கி இலையோடு உப்புநீரில் ஊறவைத்தார்கள். பனிக்காலம் முழுக்க வைட்டமின் சி அந்தப் பீப்பாயிலிருந்து வந்தது. இதை வறுமை என்று நீங்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. பழைய சோற்று நீராகாரத்தை வறுமை என்று ஒருவர் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

புளித்த முட்டைக்கோஸில் செய்கிற பிகோஸ் உங்களுக்கு ஆகாது, அதில் இறைச்சி உண்டு. ஆனால் டிசம்பர் 24 இரவு யாராவது வீட்டுக்கு அழைத்தால் தயங்காமல் போங்கள். முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகு உட்காருவார்கள். வழக்கப்படி பன்னிரண்டு பதார்த்தம், இறைச்சி கிடையாது. மீன் இருக்கும், அதை மட்டும் தவிருங்கள். பீட்ரூட்டைப் புளிக்கவைத்த சாற்றில் செய்த சிவப்பு பர்ஷ்ச், அதில் மிதக்கும் உலர்காளான் பூரணம் வைத்த குட்டிக் கொழுக்கட்டைகள். எதிர்பாராமல் வருகிறவருக்காக மேசையில் ஒரு தட்டு காலியாக வைத்திருப்பார்கள்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் ஊரிலேயே ‘பார் ம்லெச்னி’ என்கிற பால் உணவகங்கள் உண்டு. முதல் கடை 1896-இல் வார்சாவில் திறந்தது. பால், மாவு, காய்கறி என்று மலிவான வீட்டுச் சாப்பாடு. அங்கே பியெரோகி ருஸ்கியே கேளுங்கள். உருளைக்கிழங்கும் லேசாகப் புளிக்கும் பாலாடைக்கட்டியும் வதக்கிய வெங்காயமும் வைத்து அவித்த கொழுக்கட்டை. ஒழுங்காகச் செய்திருந்தால் மிளகு நாக்கில் நிற்கும். ‘ருஸ்கியே’ என்றால் ரஷ்யா அல்ல, முன்பு ருஸ் எனப்பட்ட நிலம், இன்றைய மேற்கு உக்ரைன் பக்கம். 2022 போருக்குப் பிறகு சில கடைகள் ‘உக்ரைன் பியெரோகி’ என்றே பெயரை மாற்றிவிட்டன. 1945-இல் எல்லைகள் நகர்ந்தபோது இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ் நகரத்துப் போலிஷ்காரர்கள் பலர் ஊரைவிட்டு, அதுவரை ஜெர்மானியர்கள் வாழ்ந்த உங்கள் வ்ரோத்ஸ்வாஃபுக்கு வந்து குடியேறினார்கள். இந்தக் கொழுக்கட்டையும் அவர்களோடு வந்தது. நீங்கள் சாப்பிடப்போவது ஊரை இழந்து வந்தவர்களின் கைப்பக்குவம்.

ஆர்டர் கொடுக்கும்போது ‘பெஸ் ஸ்க்ஃபாரெக்’ என்று சொல்ல மறக்காதீர்கள். மேலே பன்றிக்கொழுப்பு வறுவல் போடாமல் தருவார்கள். ஸாக்வாஸ் சூப்பர் மார்க்கெட்டில் பாட்டிலில் கிடைக்கும். உலர்காளானை ஊறவைத்து, அந்தத் தண்ணீரிலேயே வேகவைத்து, அதில் இதை ஊற்றி, மருவு தூவுங்கள். தவக்கால ஜூர் அதுதான். எப்படி வந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்.