செருப்பு கழண்டது கூட தெரியலன்னா அது அசதி கிடையாது தங்கச்சி

கேள்வி: அக்கா, நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனில பேஸ்டிங் செக்ஷன்ல ரெண்டரை வருஷமா வேலை பாக்குறேன். வயசு 33. ஆறு மாசமா பாதம் மரத்துப்போன மாதிரி இருக்கு, நடக்கும்போது செருப்பு கழண்டு விழுந்தா கூட தெரியல, கம்பெனி பஸ் படியில கால தூக்கி வைக்க முடியல. இப்ப விரல்லயும் வலு இல்ல, ஊக்கு மாட்டவே கஷ்டமா இருக்கு. டாக்டர் சுகர் இல்லைன்னு சொல்லி சத்து ஊசி போட்டார், கேக்கல. சூப்பர்வைசர் எல்லாருக்கும் வர்ற அசதிதான்னு சொல்றார். என் லைன்லயே இன்னும் ரெண்டு பேருக்கு இப்படி இருக்கு. ஒட்டுறதுக்கு போடுற சொல்யூஷன் வாடையால இப்படி ஆகுமா? வேலைய விட்டுடவா? வீட்டுக்காரருக்கு நிரந்தர வேலை கிடையாது.
- ஒரு வாசகி, திருப்பத்தூர் மாவட்டம்

பதில்: தங்கச்சி, உங்க லெட்டர்ல எனக்கு திக்குன்னு இருந்தது கடைசில எழுதின அந்த வரிதான், லைன்ல இன்னும் ரெண்டு பேருக்கு இருக்குன்னு. ஒரே மேஜைல உக்காந்து ஒரே டப்பால பிரஷ் முக்குற மூணு பேருக்கும் ஒரே மாதிரி கால் மரத்துப்போகுதுன்னா, மூணு பேருக்கும் ஒரே நேரத்துல சத்து குறைஞ்சிடுச்சுன்னு சொல்றத என்னால ஏத்துக்க முடியல. நேர்ல பாக்காம இதான் நோய்னு அடிச்சு சொல்லக்கூடாது, ஆனா நீங்க கேட்டதுக்கு பதில் ஆமா, சொல்யூஷன் ஆவியால இப்படி ஆகும், முதல்ல சந்தேகப்பட வேண்டியதே அதத்தான்.

பசை சீக்கிரம் காயணும்னு சொல்யூஷன்ல கலக்குற சரக்குல பல சமயம் என்-ஹெக்ஸேன்னு ஒண்ணு இருக்கும், கச்சா எண்ணெய்லேருந்து பிரிச்சு எடுக்குறது. டொலுவீன் மாதிரி வேற சிலதும் இருக்கும். மத்தியானத்துக்கு மேல தலைவலி, கிறுகிறுப்பு, ஒரு மாதிரி மந்தமா இருக்குறது எல்லாம் ஆவி மூளைய மயக்குறதால வர்றது, ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்தா சரியாகிடும். அதனாலதான் எல்லாரும் வெறும் வாடைதானேன்னு விட்டுடுறாங்க. ஹெக்ஸேன் வேலை அப்படி ஒரு நாள்ல தெரியாது, மூச்சுல உள்ள போனத ஈரல் வேற ஒரு பொருளா மாத்துது, அது நரம்பு இழைக்குள்ள இருக்குற புரதத்துல ஒட்டி அங்கங்க வீங்க வச்சு அடைக்குது. உடம்புலயே நீளமான நரம்பு பாதத்துக்குப் போறதுதான், அதனால அதோட நுனிதான் முதல்ல சாகுது, அப்புறம் கெண்டைக்கால், அப்புறம் கை விரல். நீங்க எழுதியிருக்குற வரிசையும் அச்சு அசல் இதேதான்.

இது ஒண்ணும் புதுசா வந்த வியாதி கிடையாது. 1960கள்ல ஜப்பான்ல வீட்லயே உக்காந்து வினைல் செருப்பு ஒட்டுறவங்க 1,662 பேர பரிசோதனை பண்ணி பாத்தப்ப 93 பேருக்கு இந்த நரம்பு பாதிப்பு இருந்தது. அவ்வளவு பின்னாடி போக வேணாம், 2009 வாக்குல சீனாவுல சூஜோ நகரத்துல விண்டெக்னு ஒரு கம்பெனி, ஆப்பிளுக்கு டச் ஸ்க்ரீன் செஞ்சு குடுக்குறவங்க, ஸ்க்ரீன் துடைக்க ஆல்கஹாலுக்கு பதிலா ஹெக்ஸேன் குடுத்தாங்க, ஏன்னா அது சீக்கிரம் காயும், நிறைய பீஸ் முடிக்கலாம். காத்து போக வழியில்லாத ரூம்ல வேலை பாத்த 137 பேர் பாதிக்கப்பட்டாங்கன்னு 2011ல ஆப்பிளே ஒத்துக்கிச்சு.

நான் பயிற்சி டாக்டரா இருந்தப்ப நடந்தத சொல்றேன். பை ஒட்டுற பட்டறைலேருந்து ஒரு பையன் வந்தான், 19 வயசு, கால் எரியுதுன்னான், நாங்க யாருமே நீ என்ன வேலை பாக்குறன்னு கேக்கல, வைட்டமின் எழுதி அனுப்பிட்டோம். ரெண்டு மாசம் கழிச்சு வந்தப்ப ரெண்டு பேர் தாங்கிப் பிடிச்சுட்டு வந்தாங்க, பாதம் தொங்கி தரையில இழுத்துட்டு வந்தது. ஊசி போட கையப் பிடிச்ச நர்ஸ்தான் அவன் நகக்கண்ணுல காஞ்ச பசை மஞ்சளா ஒட்டியிருந்தத பாத்து, என்னப்பா இதுன்னு கேட்டாங்க. அந்த ரெண்டு மாசத்த அவனுக்கு நாங்க திருப்பிக் குடுக்க முடியல, இன்னிக்கும் அது என் மனசுல கிடக்கு. அதனால டாக்டர் கேக்கலன்னாலும் நீங்களே சொல்லுங்க, டப்பா மேல ஒட்டியிருக்குற லேபிள போன்ல போட்டோ எடுத்துட்டுப் போங்க, பசைய இளக்க ஊத்துற தின்னர் டப்பாவையும் சேத்து. நரம்புல கரன்ட் ஓடுற வேகத்த பாக்குற டெஸ்ட் இருக்கு, அது கட்டாயம் எடுக்கணும். வேலை முடிஞ்ச உடனே குடுக்குற யூரின்லயும் இந்த ஹெக்ஸேன் மிச்சத்த பாக்கலாம், ஆனா வேலைய நிறுத்தி ஒரு வாரம் போயிட்டா அதுல தெரியாம போகலாம். வைட்டமின் பி-12ம் ஒரு தடவ பாத்துக்கட்டும், அதுல தப்பில்ல.

இப்ப நான் சொல்லப்போறத நல்லா மனசுல வச்சுக்கோங்க. அந்த ஆவிலேருந்து விலகினதுக்கு அப்புறமும் ரெண்டு மூணு மாசம் வரைக்கும் இன்னும் மோசமாகலாம். நிறைய பேர் இங்கதான் ஏமாந்து போறாங்க, லீவு போட்டும் சரியாகலையே, அப்ப சொல்யூஷன் காரணமில்ல போலன்னு நினைச்சு திரும்ப அதே மேஜைல போய் உக்காந்துடுறாங்க. அப்படி பண்ணிடாதீங்க. ஏற்கனவே அடிபட்ட நரம்பு முழுசா பட்டுப்போக அவ்வளவு நாள் எடுக்குது, அதுக்கப்புறம்தான் வளர ஆரம்பிக்கும், அதுவும் நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான். முழங்கால்லேருந்து பாதம் வரைக்கும் 40 சென்டிமீட்டர்னு வச்சுக்கிட்டாலே வருஷத்துக்கு மேல ஆகும். ஆனா சீக்கிரம் நிறுத்தினவங்க பெரும்பாலும் நல்லா தேறி வந்துடுறாங்க. இத நேரடியா சரிபண்ண மருந்து கிடையாது, ஆவிய நிறுத்துறதுதான் வைத்தியம், கூட பிசியோதெரபி.

வேலைய விடணுமான்னு கேட்டீங்க. எழுதிக் குடுத்துட்டு வந்துடாதீங்க, சம்பளத்துல இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறாங்கன்னா அதுதான் இப்ப உங்களுக்கு கைப்பிடி. டாக்டர் சர்டிபிகேட்டோட மெடிக்கல் லீவு எடுத்தா வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70% வரும், வேலையால வந்த நோய்னு ஏத்துக்கிட்டா 90%, அதனால சீட்டுல நீங்க பாக்குற வேலையும் சொல்யூஷன் பேரும் எழுதியிருக்கான்னு படிச்சுப் பாத்து வாங்குங்க. திரும்பிப் போகும்போது கட்டிங், பேக்கிங் மாதிரி பசை வாடையே வராத இடம் கேளுங்க. அதுவரைக்கும் ஒரு நாள் கூட தின்னர் ஊத்தி கை கழுவாதீங்க, தோல் வழியாவும் உள்ள போகும். துணி மாஸ்க் ஆவிய தடுக்காது, கரி ஃபில்டர் வச்ச மாஸ்க்தான் தடுக்கும். ஃபேன் போட்டிருக்கோம்னு சொல்வாங்க, இந்த ஆவி காத்த விட மூணு மடங்கு கனம், மேஜைகிட்டயே தேங்கி நிக்கும், மேல ஃபேன் சுத்தினா ஹால் முழுக்க கலக்கிவிடும், அவ்வளவுதான். மேஜைலயே உறிஞ்சி வெளிய தள்ளுற குழாய் வேணும். கம்பெனி கண்டுக்கலன்னா தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதிப் போடலாம், இதப் பாக்குறது அவங்க வேலை.

அந்த ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போகாதீங்க. இன்னிக்கு வீட்ல மூணு பேரும் குதிகால மட்டும் ஊனி நாலு எட்டு நடந்து பாருங்க, பக்கத்துல யாராவது பிடிச்சுக்கட்டும். முன்பாதம் மேல வரலைன்னா ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்காம நாளைக்கே மூணு பேரும் ஒண்ணா நரம்பு டாக்டர்கிட்ட போங்க, ஒரே மேஜைலேருந்து வர்றோம்னு உள்ள போன உடனே சொல்லுங்க.