பார்க்கத் தகுந்த ஆவணப்படங்கள் எவை?

"ஆவணப்படம் பார்த்துப் பழக்கமில்லை, கட்டாயம் பார்க்க வேண்டிய சிலவற்றைக் காரணத்தோடு சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை முடிந்து வீடு திரும்பி, சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் பார்ப்பதற்காகக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கு இந்த விஷயத்தில் ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு. படத்தில் பேசுகிறவரைப் பேசி முடிக்க விட்டார்களா என்று பார்ப்பேன். அந்த அளவுகோல் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் பெயர்களை மட்டும் அடுக்கினால், நான் ஏன் இவற்றைச் சொல்கிறேன் என்பது உங்களுக்கு விளங்காது. பட்டியல் கேட்டவரிடம் சொந்தக் கதை பேசுகிறான் என்று யாரேனும் நினைத்தாலும் பரவாயில்லை; படங்களின் பெயர்கள் பின்னால் வருகின்றன.

நான் கடலூர்க் கடற்கரையில் ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. எங்கள் வீட்டில் உயிர்ச்சேதம் இல்லை. வீடுதான் இல்லாமல் போயிற்று. பிப்ரவரி மாதம், நாங்கள் தார் ஷீட் கொட்டகையில் குடியிருந்தபோது, ஆவணப்படம் எடுக்க மூன்று பேர் வந்தார்கள். எனக்கு அப்போது 19 வயது. அம்மாவின் முகத்தில் வெளிச்சம் விழுவதற்காக ஒரு தெர்மாகோல் பலகையை என்னிடம் கொடுத்து, எதிரே சாய்த்துப் பிடிக்கச் சொன்னார்கள். கடற்காற்றில் அது நிற்கவில்லை. ஒரு விளிம்பை முழங்காலால் அழுத்தி, மறு விளிம்பை இரு கைகளாலும் பிடித்தபடி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆகவே அன்று அம்மா பேசிய ஒவ்வொரு சொல்லையும் கேட்டவன் நான்.

என்ன இழந்தீர்கள் என்றுதான் அவர்கள் கேட்டார்கள். கவிழ்த்துப் போட்ட அன்னக்கூடையின் மேல் உட்கார்ந்திருந்த அம்மா, சீட்டிலிருந்து தொடங்கினார். குப்பத்துப் பெண்கள் 20 பேர், வாரம் 50 ரூபாய், ஆக வாரம் ஒருவருக்கு 1000 ரூபாய். சீட்டைப் பிடித்தவர் அம்மா. அலை வந்தபோது 13 பேர் பணம் எடுத்திருந்தார்கள். 7 பேருக்கு இன்னும் வரவில்லை. யார் எடுத்தார்கள், யார் எத்தனை வாரம் பாக்கி என்பதெல்லாம் டிரங்குப் பெட்டிக்குள் இருந்த ஒரு 80 பக்க நோட்டில் இருந்தது. பெட்டியும் இல்லை, நோட்டும் இல்லை. "ஊடு போனா கட்டிக்கலாம் தம்பி, சீட்டு நோட்டு பூடுச்சே, ஏழு பேருக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்" என்று சொன்ன இடத்தில்தான் அம்மா அழுதார். அதற்கு முன்பும் அழவில்லை, பின்பும் அழவில்லை.

2007-இல், புதுச்சேரியில் ஒரு திரையிடலில் தற்செயலாக அந்தப் படத்தைப் பார்த்தேன். அம்மா திரையில் இருந்தது ஏறத்தாழ 11 வினாடிகள். ஆங்கிலத்தில் ஒரு பெண்குரல், கடலுக்குப் பறிகொடுத்த உறவுகளை எண்ணிக் கலங்கும் தாய் என்ற பொருளில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அம்மாவின் குரலை எடுத்துவிட்டிருந்தார்கள். உதடுகள் மட்டும் அசைந்தன. அந்த அசைவிலிருந்து "நோட்டு" என்ற சொல்லை என்னால் படிக்க முடிந்தது. அரங்கில் வேறு யாராலும் படித்திருக்க முடியாது. அம்மா வாழ்நாளில் ஒரே ஒரு முறை கேமராவுக்கு முன்னால் பேசினார், அது இப்படி ஆயிற்று. "அந்தப் படம் வந்துச்சாப்பா?" என்று பிறகொரு நாள் அவர் கேட்டபோது, இன்னும் வரவில்லை என்று சொன்னேன்.

அந்தக் குழு கெட்ட எண்ணத்தோடு செய்தது என்று நான் சொல்லவில்லை. பல மணி நேரப் பதிவை ஒரு மணி நேரத்துக்குள் அடக்குகிறவரின் சிரமம் எனக்குப் புரியாமலும் இல்லை. ஆனால் அம்மா அழுதது உண்மை, எதற்காக அழுதார் என்பது மாறிவிட்டது. அதைவிடப் பெரிய இழப்பு, அவர்கள் விட்டுச்சென்ற கதையின் மீதிப் பாதி. சித்திரை மாதத்தில் ஒரு மாலை, எஞ்சியிருந்த 18 பெண்கள் கொட்டகைக்கு முன்னால் கூடி, எந்த வாரம் யார் எடுத்தார்கள் என்பதை நினைவிலிருந்து ஒவ்வொருவராகச் சொன்னார்கள். "நான் நாலாவது வாரம் எடுத்தேங்கா, எழுதிக்க" என்று பணம் எடுத்தவர்களே முன்வந்து சொன்னார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. அலையில் இறந்த இருவரில் ஒருவர் சீட்டு எடுக்காதவர். அவர் முறை வந்தபோது 1000 ரூபாயை அவருடைய மகளிடம் கொடுத்தார்கள். எடுத்துவிட்டு இறந்தவரின் பாக்கித் தவணையை மற்றவர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். புதிய நோட்டில் அதையெல்லாம் எழுதியவன் நான். எல்லாவற்றையும் இழந்து நின்ற மக்கள் என்று அந்தப் படம் சொன்னது. எங்களிடம் என்ன மிஞ்சியிருந்தது என்பதை அது கேட்கவே இல்லை.

இனிப் படங்களுக்கு வருகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, 1961-இல் பிரான்சில் ழான் ரூஷ், எட்கர் மொரன் இருவரும் எடுத்த 'க்ரோனிக் தன் எத்தே' படத்தைப் பாருங்கள். ஒரு கோடைக்காலத்தின் நாட்பதிவு என்று பொருள். பாரீஸ் தெருவில் போவோர் வருவோரை நிறுத்தி, "நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?" என்று கேட்பதில் தொடங்குகிறது. மார்சலின் என்ற பெண், நாஜிகளின் வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு உயிரோடு திரும்பியவர். அவருடன் கொண்டுபோகப்பட்ட தந்தை திரும்பவில்லை. மார்சலின் ஒலிப்பதிவுக் கருவியைத் தானே சுமந்துகொண்டு, தந்தையிடம் பேசுவதுபோல் தனக்குத்தானே பேசியபடி நடந்து வருகிறார். கேமரா அவரைவிட்டு விலகி விலகிப் போகிறது, உருவம் சிறுத்துக்கொண்டே வருகிறது, குரல் மட்டும் நம் காதருகிலேயே இருக்கிறது. ஆனால் நான் இந்தப் படத்தை முதலில் வைப்பதற்குக் காரணம் அதன் கடைசிப் பகுதி. எடுத்த காட்சிகளை, அவற்றில் பேசியவர்களுக்கே திரையிட்டுக் காட்டி, அவர்கள் சொன்ன கருத்துகளையும் படம்பிடித்துச் சேர்த்திருக்கிறார்கள். உண்மையாக இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள், இப்படி மனத்தைத் திறந்து காட்டுவது கூச்சமாக இருக்கிறது என்று சிலர் குறைப்படுகிறார்கள், வாக்குவாதமே நடக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுப் படங்களைத் திரையிடும் ஓர் அரங்கில் இதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, கடற்கரைச் சாலையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். எடுத்ததை எடுக்கப்பட்டவருக்குக் காட்டுவது என்பது 1961-லேயே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

அதற்கும் முந்தையது, 1935-இல் இங்கிலாந்தில் வந்த 'ஹவுசிங் பிராப்ளம்ஸ்' என்ற குறும்படம். கால் மணி நேரம்தான். லண்டன் குடிசைப் பகுதி மக்கள் தங்கள் வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டு, எலியையும் மூட்டைப்பூச்சியையும் பற்றித் தங்கள் பேச்சுமொழியிலேயே சொல்கிறார்கள். எரிவாயு நிறுவனத்தின் பணத்தில் எடுக்கப்பட்ட படம் என்பதால் அதற்கென்று ஒரு நோக்கம் இருந்தது. இருந்தாலும், ஓர் ஏழைப் பெண் தானே சொல்வதைக் கேட்க முடிகிறது.

இந்தியாவில், ஆனந்த் பட்வர்தனின் 'பம்பாய் நமது நகரம்' (1985). குடிசைகளை இடித்துத் தள்ளும் மாநகராட்சியையும், இடிக்கப்பட்டவர்களையும் பற்றியது. அதில் ஒரு பெண், எங்களைப் படமெடுத்து நீ என்ன செய்துவிடப் போகிறாய் என்று இயக்குநரைப் பார்த்தே கேட்கிறார். வெட்டி எறிந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, பட்வர்தன் வெட்டவில்லை. அதே படத்தில் பாடிய விலாஸ் கோக்ரே என்ற பாடகர், 1997-இல் பம்பாய் ரமாபாய் நகரில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 10 பேர் இறந்ததைத் தாங்க மாட்டாமல் தற்கொலை செய்துகொண்டார். அந்தத் துயரத்திலிருந்து தொடங்கி பட்வர்தன் 14 ஆண்டுகள் எடுத்த படம் 'ஜெய் பீம் காம்ரேட்' (2011). மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும். விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாடல்களைத் துண்டு துண்டாக வெட்டாமல் பாட விட்டிருக்கிறார் என்பதற்காகவே அந்த நேரத்தைக் கொடுக்கலாம்.

தமிழில் என்ன இருக்கிறது என்று நிச்சயம் கேட்பீர்கள். பாரதி கிருஷ்ணகுமாரின் 'இராமையாவின் குடிசை', 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டதைப் பற்றியது. அந்த இரவை நேரில் கண்டவர்கள் எத்தனையோ ஆண்டுகள் கழித்துப் பேசுகிறார்கள். வயதானவர்கள் ஒன்றைச் சொல்லி, நிறுத்தி, வேறொன்றுக்குப் போய்த் திரும்பி வரும் பேச்சு அது. ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்', 1999 ஜூலை 23-இல் திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தின் மீது காவல்துறை தடியடி நடத்தி, 17 பேர் தாமிரபரணியில் இறந்ததைப் பற்றியது. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) பல இடங்களில் திரையிட அனுமதி மறுக்கப்பட்டு, பின்னர் யூடியூபில் வந்தது. மலக்குழிக்குள் இறங்கியவர்களின் வீட்டார் பேசும்போது, கேட்கிறவருக்குத் தாங்கவில்லை என்பதற்காக அது முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. சாப்பிட்ட கையோடு பார்க்கக்கூடிய படம் அல்ல, ஆனால் பாருங்கள்.

எல்லாமே துயரமாக இருக்கிறதே என்று நீங்கள் சோர்ந்துவிடக் கூடாது. சத்யஜித் ராய் 1976-இல் எடுத்த 'பாலா'வில், பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி கடற்கரையில் "கிருஷ்ணா நீ பேகனே பாரோ" ஆடுகிறார். காற்று சேலையைப் பிடித்து இழுக்கிறது; அவர் அதைப் பொருட்படுத்தாமல் ஆடுகிறார். காற்று கெடுத்துவிட்டது என்று குறை சொன்னவர்கள் உண்டு. கடற்காற்றில் வளர்ந்தவன் என்பதாலோ என்னவோ, எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

அலையைப் பற்றியே ஒன்று வேண்டுமென்றால், ஆர்.வி. ரமணியின் 'மை கேமரா அண்ட் சுனாமி' இருக்கிறது. அந்த அலையில் தன் கேமராவைப் பறிகொடுத்தவர், அந்தக் கேமராவை நினைத்து எடுத்தது. அடுத்தவர் துயரத்தைத் தன்னுடையதாகச் சொல்லிக்கொள்ளாமல், தனக்கு நேர்ந்ததிலிருந்து தொடங்குகிறார் என்பதால் அதன் மீது எனக்கு மரியாதை உண்டு.

ஆவணப்படம் என்றாலே கண்ணால் கண்ட உண்மை என்று நம்பிவிடாதீர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த வகைக்கே முன்னோடி என்று சொல்லப்படும், கனடாவின் பனிப்பிரதேச மக்களைப் பற்றிய 'நானூக் ஆஃப் தி நார்த்' (1922) படத்தில், உள்ளே வெளிச்சம் வேண்டுமென்று பனிவீட்டைப் பாதியாகக் கட்டச் சொல்லித்தான் எடுத்தார்கள். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த மனிதரை ஈட்டியோடு வேட்டையாடச் சொன்னார்கள். அவருடைய உண்மைப் பெயரும் நானூக் அல்ல. பனிவெளியின் அழகுக்காக அதை நானும் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஆனால் அது என் பரிந்துரையில் இல்லை.

எனக்கு இன்றும் ஆறாத குறை ஒன்று. நம் மக்களைப் பற்றி எடுக்கப்படும் பல படங்களில் வர்ணனையும் சப்டைட்டிலும் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கின்றன. தன்னைப் பற்றிச் சொல்லப்படுவது என்ன என்பதைப் படத்தில் இருப்பவரே தெரிந்துகொள்ள முடியாது. அதனால்தான், தெப்பக்காட்டு யானை முகாமில் கார்த்திகி கொன்சால்வஸ் எடுத்து, 2023-இல் ஆஸ்கர் வாங்கிய 'தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்' படத்தை என் அம்மாவோடு உட்கார்ந்து பார்க்க முடிந்தபோது மகிழ்ந்தேன். யானைக்குட்டிகளை வளர்க்கும் தம்பதியான பொம்மனும் பெள்ளியும் தமிழில் பேசுகிறார்கள், இடையில் யாரும் குறுக்கே பேசுவதில்லை. படம் வந்த பிறகு அந்தத் தம்பதிக்கும் தயாரிப்புத் தரப்புக்கும் இடையே பண விஷயம் வழக்கறிஞர் அறிவிப்பு வரை போனதைச் செய்தியில் படித்தேன். யார் பக்கம் நியாயம் என்று சொல்ல நான் ஆளில்லை. அம்மா 40 நிமிடமும் கைப்பேசியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, "நல்லா பேசவுட்டுருக்காங்க" என்று மட்டும் சொன்னார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கேள்வி கேட்டவருக்கு அல்ல, இதைப் படிக்க நேரும் படக்கலைஞர்களுக்கு. 2005 பிப்ரவரியில் கடலூர்க் கடற்கரையில் படமெடுத்தவர்கள் யாரேனும் இருந்தால், பழைய மினி டி.வி. (டிஜிட்டல் வீடியோ) கேசட்டுகளைத் தயவுசெய்து ஒரு முறை எடுத்துப் பாருங்கள். அன்று கேமராமேன் கேசட்டை வெளியே எடுத்து, அதன் உறையின் மேல் நீல மையில் "சீட்டு அம்மா" என்று எழுதியதை நான் பார்த்தேன். அந்த முக்கால் மணி நேரத்தின் பிரதி ஒன்று கிடைத்தால் போதும். அம்மாவுக்கு இப்போது 66 வயது; கண்ணும் காதும் நன்றாக இருக்கின்றன.